கூடம் காலியாக இருக்கட்டும்

மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் பலவும் அகலத்தில் சின்னவை, நீளத்தில் பெரியவை. தெருவில் நின்று பார்த்தால் ஒரு வாசலும் ஒரு ஜன்னலும்தான் தெரியும். உள்ளே போனால் கூடம், அறை, அடுப்படி, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக் கூடம் 10 அடிக்கு 14 அடி. இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு சொல்லப்போவதெல்லாம் இதை வைத்துத்தான்.

கடையில் விற்கிற மூன்று பேர் சோபா சுவரிலிருந்து 3 அடி வெளியே வரும். எதிர்ச் சுவரில் டிவி ஸ்டாண்ட் ஒன்றரை அடி. நடுவில் 2 அடி அகலத்தில் ஒரு டீப்பாய். 10 அடியில் மிச்சம் மூன்றரை அடிதான். அதையும் டீப்பாய் இரண்டாகப் பிரித்துவிடும், இந்தப் பக்கம் ஒன்றே முக்கால், அந்தப் பக்கம் ஒன்றே முக்கால். ஓர் ஆள் எதிலும் இடிக்காமல் நடக்க இரண்டரை அடியாவது வேண்டும். கையில் சாப்பாட்டுத் தட்டோடு வந்தால் 3 அடி வேண்டும். ஆக, சொந்த வீட்டுக்குள் எல்லோரும் ஒருக்களித்துத்தான் நடந்துகொண்டிருந்தோம்.

சித்திரைத் திருவிழா வந்தால் இது இன்னும் உறைக்கும். தேர் பார்க்கவும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கவும் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கும். கோயிலைச் சுற்றி வீடு இருக்கிறவர்களுக்கு அது சந்தோஷமான கடமை. முன்பெல்லாம் ராத்திரி கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துவிடுவோம். சோபாவும் டீப்பாயும் வந்த பிறகு அதற்கு வழியில்லாமல் போய், வயதான அத்தைமார் கூட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருந்தது. எனக்கு அது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது.

மினிமலிஸ்ட் மேஜை, மினிமலிஸ்ட் கட்டில் என்று போனைத் திறந்தாலே படங்கள் வருகின்றன. வெள்ளைச் சுவர், வெளிர் நிற மரம், ஒல்லியான கால்கள், செதுக்கு வேலை இல்லை, டிராயருக்குக் கைப்பிடி கூட வெளியே தெரியாது. எனக்கு அந்த அழகு நிஜமாகவே பிடிக்கும். பூவும் கொடியும் செதுக்கிக் கறுப்பு பாலிஷ் போட்ட கட்டிலைவிட, நேரான நாலு சட்டத்தில் நிற்கிற கட்டில்தான் எனக்கு எப்போதும் ஒரு படி மேல். ஆனால் அந்தப் படங்களில் அறை பெரியது, அதனால் சாமான் சின்னதாகத் தெரிகிறது. அதே மேஜையை நம் கூடத்தில் கொண்டுவந்து போட்டால் பழையபடி ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். பார்க்க எளிமையாக இருப்பது வேறு, இடத்தை அடைக்காமல் இருப்பது வேறு. எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவது.

அடுத்தது மரம். மலிவு விலைக்கு வரும் ஒல்லிக்கால் மேஜைகளில் நிறையவற்றுக்கு மேல்பலகை பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சில்லுகளையும் பசையோடு அழுத்திச் செய்து, மேலே மர நிறத்தில் மெல்லிய தாளோ லேமினேட்டோ ஒட்டி, ஓரத்துக்கு ஒரு பட்டை ஒட்டியிருப்பார்கள். ஈரத்துணியால் தரையைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிற வீட்டில் அது பல வருஷம் ஓடும். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமையானால் தரையில் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறோம். அந்தத் தண்ணீர் அடி ஓரத்தில் பட்டுப் பட்டு, பட்டை பிரிந்து, உள்ளே இருக்கிற தூள் ஊறி உப்பிவிடும். ஒரு தடவை உப்பினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது, ஸ்க்ரூவும் பிடிக்காது. எங்கள் டிவி ஸ்டாண்ட் போனது அப்படித்தான். பிளைவுட் எவ்வளவோ தேவலை. அதிலும் ஈரம் படுகிற இடத்துக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஐ.எஸ். 303 என்பது பொதுவான வேலைக்கு. இல்லையென்றால் ரப்பர் மரம். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் பால் எடுத்து முடித்த மரங்களை 25, 30 வருஷத்தில் வெட்டுகிறார்கள். அதைப் பூச்சி எளிதில் பிடிக்கும் என்பதால் மருந்து ஏற்றிப் பதப்படுத்தித்தான் விற்க வேண்டும். அப்படிப் பதப்படுத்தியதாக இருந்தால், படத்தில் பார்க்கிற அந்த வெளிர் நிறம் நியாயமான விலையிலேயே கிடைக்கும்.

எங்கள் தாத்தா மாசி வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். அவருடைய கணக்குப் பெட்டி இன்னும் எங்களிடம் இருக்கிறது. இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், உட்கார்ந்திருப்பவர் பக்கமாகச் சரிகிற மூடி. அந்த மூடிதான் எழுதும் பலகை. திறந்தால் சில்லறைக்கு நாலு குழி, பேனாவுக்கு ஒரு நீளமான அறை, பேரேடு படுக்க ஒரு பெரிய அறை. முன்னால் பித்தளைக் கொக்கி. கால் கிடையாது, அடியில் ஒரு சட்டம் மட்டும். அதற்கு முன்னால் பாயில் ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் முழங்கை தானாக மூடிமேல் வந்து நிற்கும். மூடியில் வலது மணிக்கட்டு பட்ட இடம் மட்டும் பாலிஷ் போட்டதைப் போல வழவழவென்று இருக்கிறது, மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு. மேஜை, அலமாரி, கல்லா மூன்றும் அந்த ஒரு பெட்டிதான். கடை சாத்தும்போது சுவரோரம் தள்ளிவிட்டால் தரை காலி.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பாய் சுருட்டி மூலையில் நிற்கும். நாடாக் கட்டிலைப் பகலில் நிமிர்த்திச் சுவரில் சாத்திவிடுவோம். மணைப்பலகை அடுப்படி ஆணியில் தொங்கும். வேப்ப மரத்தில் செய்த பெஞ்ச் ஒன்றுதான் நிரந்தரமாக ஓர் இடத்தில் கிடந்தது, அதுவும் சுவரோடு ஒட்டி. சாமான் வேலை செய்கிற நேரம் மட்டும் நடுவுக்கு வரும்.

இதைவிடப் பழைய சாட்சி மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் இருக்கிறது. மாங்குளம், அரிட்டாபட்டி, அழகர்மலை, திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி குகைத்தளங்களில் சமணத் துறவிகளுக்காகப் பாறையிலேயே வெட்டிய கற்படுக்கைகள். இரண்டாயிரம் வருஷத்துப் படுக்கைகள் அவை. மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. அழகர்மலையில் கொடை கொடுத்தவர்களின் பெயர்களைப் படித்தால் உப்பு வணிகர், கொழு (கலப்பை முனை) வணிகர், பொற்கொல்லர் என்று நம் கடைவீதிக்காரர்கள் வரிசையாக வருகிறார்கள். படுக்கையை உற்றுப் பாருங்கள். ஓர் ஆள் படுக்கும் அளவு, தலைமாட்டில் மட்டும் தலையணைக்காகக் கொஞ்சம் மேடு. மழைத் தண்ணீர் பாறையோடு வழிந்து உள்ளே வராமல் வெளியிலேயே சொட்டிவிடும்படி குகை முகப்புக்கு மேலே ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். எதையுமே சொந்தமாக வைத்துக்கொள்ளாதவர்களுக்குச் செய்து கொடுத்தபோது கூடத் தலை உயரத்தையும் மழையையும் யோசித்திருக்கிறார்கள். சாமானைக் குறைப்பது என்றால் உடம்பை வருத்துவது என்று நினைப்பவர்களை நான் ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போவேன்.

அதனால்தான், எல்லோரும் பழையபடி தரையிலேயே உட்காருங்கள் என்று நான் எழுத மாட்டேன். அப்பாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை ஆனது. சம்மணம் போடக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது, தாழ்வான இருக்கை கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். சோபாவோ தாழ்வு, நுரை அமுங்கி இன்னும் தாழ்வு. அதிலிருந்து அப்பாவை எழுப்ப ஆள் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆக சோபா போக வேண்டும், ஒரு மேஜை வர வேண்டும். சாப்பிடவும் காய் நறுக்கவும் அண்ணன் பையன் வீட்டுப்பாடம் எழுதவும் நான் லேப்டாப் வைக்கவும் அந்த ஒரே மேஜைதான். சித்திரையில் இரண்டு பேர் தூக்கி உள் அறைக்குக் கொண்டுபோகிற கனம்தான் இருக்க வேண்டும்.

செல்லூர்ப் பக்கம் ஆசாரி அண்ணன் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் போனேன். பொதுவாகச் சாப்பாட்டு மேஜை 30 இஞ்ச், நாற்காலி 18 இஞ்ச் உயரம் இருக்கும். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. 18 இஞ்ச் நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பாவாது, தொடைக்கு அடியில் விளிம்பு அழுத்தும், கொஞ்ச நேரத்தில் கால் மரத்துவிடும். அப்பாவுக்கு உயரத்தைக் குறைத்தால் எழுந்திருக்க முடியாது.

“அண்ணே, அப்பாவுக்கு உசரமா வேணும், அம்மாவுக்குத் தாழ்வா வேணும். மேஜை ஒண்ணுதான்.”

“உசரத்த மாத்தாதீங்கம்மா. கீழ ஒரு சட்டம் ஓட விடுவோம், அம்மா கால அதுமேல வச்சுக்கிறட்டும்.”

அந்த ஒரு சட்டம் இரண்டு வேலை செய்தது. மேல்பலகைக்கு அடியில் கால்களை இணைக்கிற சட்டத்தை வழக்கமாக 4 இஞ்ச் வைப்பார்கள். அப்படி வைத்தால் தொடை இடிக்கும், இரண்டரை இஞ்சாகக் குறைத்தால் மேஜை ஆடும். தரையிலிருந்து 4 இஞ்ச் உயரத்தில் ஆங்கில எச் (H) எழுத்து வடிவத்தில் ஓடுகிற கீழ்ச்சட்டம் அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டது. இப்போது மேஜை உயரம் இருபத்தொன்பதரை. பலகை ஓர் இஞ்ச், சட்டம் இரண்டரை, அதற்குக் கீழே 26 இஞ்ச் காலி. நாற்காலி பதினெட்டரை இஞ்ச், ஆகத் தொடைக்கு ஏழரை இஞ்ச் இடம். நாற்காலி வாங்கப் போகிறவர்கள் இந்தக் கடைசிக் கணக்கை மட்டுமாவது டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். 7 இஞ்சுக்குக் கீழே போனால் காலை உள்ளே விட்டு வசதியாக உட்கார முடியாது.

ஒல்லிக் கால் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கால் மேலே 2 இஞ்ச் சதுரம். மேல்சட்டத்துக்குக் கீழிருந்து உள்பக்க இரண்டு முகத்தை மட்டும் இழைப்புளியால் சரித்துக்கொண்டே வந்து, அடியில் ஒன்றேகால் இஞ்சில் முடித்தார். வெளிப்பக்கம் நேராகவே நிற்கிறது. மூட்டு வருகிற இடத்தில் மரம் முழுசாக இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் கால் மெலிந்து தெரிகிறது. காலில் துளை, சட்டத்தில் நாக்கு. நாக்கை இறக்கிய பிறகு குறுக்கே மூங்கில் ஆணி. கால் மூட்டுகளில் ஸ்க்ரூவே கிடையாது. மேல்பலகையை மட்டும் இறுக்கிப் பிணைக்காமல் விட்டார். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை அகலவாக்கில் விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. இறுக்கி அடித்தால் வெடித்துவிடும். அதனால் சட்டத்தின் உள்பக்கம் காடி என்கிற நீளப் பள்ளம் ஒன்றை இழுத்து, அதில் நகரும்படி சின்னச் சின்னக் கட்டைகளைப் பலகையின் அடியில் பொருத்தியிருக்கிறார். குப்புறக் கவிழ்த்தால்தான் அது தெரியும். எனக்கு மேஜையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மரம் பழைய தேக்கு. மெட்ராஸ் தார்சுக் கூரை போட்ட வீடுகளை இடிக்கும்போது செங்கல்லைத் தாங்கிக்கொண்டிருந்த மரச் சட்டங்கள் வெளியே வரும். பழைய மரக்கடையில் அவற்றை எடுத்தோம். பல வருஷம் காய்ந்த மரம், இனிமேல் முறுக்காது. “வெள்ளை இருந்தாத் தள்ளிருங்க, வைரம் பாஞ்சதா பாருங்க” என்று ஆசாரி அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். தேக்கில் கரையான் தொடாதது நடுவில் இருக்கிற வைரப் பகுதியைத்தான், வெளிப்பக்கத்து வெள்ளையை அரித்துவிடும். ஒவ்வொரு சட்டத்திலும் காந்தத்தை ஓட்டி, புதைந்து கிடந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கிய பிறகுதான் மெஷினில் ஏற்றினார். ஓர் ஆணி மாட்டினால் இழைக்கிற பிளேடு போய்விடும்.

4 அடிக்கு இரண்டரை அடி மேஜை. சேதாரம் சேர்த்தும் ஒன்றே முக்கால் கன அடி மரம்தான் ஆனது. தடித்த கால் வைத்த ஆறு பேர் மேஜைக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். காய்ந்த தேக்கு கன அடி 18 கிலோ பக்கம் வரும் என்பதால் செய்து முடித்த மேஜை இரண்டு பேர் தூக்குகிற கனம்தான். மரம் குறைவாகப் போனதால்தான் நல்ல மரம் எங்களுக்குக் கட்டுப்படியானது. எளிய வடிவத்தை நான் விடாமல் ஆதரிப்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

பாலிஷுக்கு வருவோம். அரக்குப் பாலிஷ் பளபளவென்று இருக்கும், ஆனால் சூடான பாத்திரத்தை வைத்தால் வெள்ளையாகத் தடம் விழுந்துவிடும். எங்கள் வீட்டில் ரசச் சட்டி நேராக அடுப்பிலிருந்து மேஜைக்கு வரும். அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு, பெயிண்ட் கடையில் கிடைக்கிற லின்சீட் ஆயிலைத் துணியில் தொட்டுத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தோம். மங்கினால் நாமே இன்னொரு தடவை தேய்த்துக்கொள்ளலாம். ஒன்றை மறக்கக்கூடாது. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் குப்பையில் போட வேண்டும். காலின் அடி முகத்தில் மட்டும் வார்னிஷை ஊற ஊறத் தடவி, ரப்பர் புஷ் மாட்டியாயிற்று. வெள்ளிக்கிழமைத் தண்ணீருக்கு அது.

நாற்காலிகள் பிரம்புப் பின்னல். அப்பாவுக்குக் கை வைத்தது, ஊன்றி எழுவதற்கு. வெயில் காலத்தில் ரெக்ஸினும் நுரையும் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், பிரம்பில் காற்றுப் போகும். சண்டிகர் நகரம் எழுந்த 1950களில் பியேர் ஜான்னரே என்ற கட்டடக் கலைஞர் அரசு அலுவலகங்களுக்கு வடிவமைத்துக் கொடுத்ததும் தேக்கும் பிரம்பும் சேர்ந்த எளிய நாற்காலிகளைத்தான். பிற்பாடு பழைய சாமான் என்று கழித்துவிட்ட அவை இன்று வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் போகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் பிரம்பு தொய்ந்த நாற்காலி கிடந்தால் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அடிப்பக்கம் ஈரத்துணியால் நன்றாக நனைத்து நிழலில் காயவைத்தால், அறுந்துபோகாத பின்னல் பெரும்பாலும் திரும்ப இறுகிவிடும்.

சோபா விஷயம்தான் சிக்கலாக இருந்தது. அது அண்ணிக்குச் சீராக வந்தது. எங்கள் பக்கம் கல்யாணச் சீர் என்றால் கட்டில், மெத்தை, பீரோ, சோபா செட், டிரெஸ்ஸிங் டேபிள் என்று ஒரு பட்டியல் எழுதாமலேயே இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் கடன் வாங்கியாவது அதை நிறைவேற்றுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கூடம் எத்தனை அடி, அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு. வந்து இறங்கிய பிறகு இடம் இல்லை என்று சொல்லவும் முடியாது, பிறந்த வீட்டுச் சீதனத்தை வெளியே அனுப்ப யாருக்கு மனசு வரும்? மதுரையில் பாதிக் கூடங்கள் நிறைந்தது இப்படித்தான். இதைப் பற்றி யாருமே வாய் திறப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கடைசியில் அண்ணியே பேச்சை எடுத்தார். “மாமா எந்திரிக்க முடியாமக் கஷ்டப்படுறதுக்கா எங்கப்பா இதக் குடுத்தாரு? நான் அவர்ட்டச் சொல்லிக்கிறேன்” என்றார். சொன்னபடி பேசவும் செய்தார். திருமங்கலத்தில் அவருடைய தம்பி புதிதாகக் கட்டிய வீட்டில் பெரிய ஹால் இருக்கிறது, சோபா அங்கே போய்விட்டது. டீப்பாயும் கூடவே போனது. அம்மாவின் இரும்பு பீரோவை நான் தொடவில்லை. அது அம்மாவின் சீர். அவருடைய கல்யாணப் புடவையும் எங்கள் மூன்று பேருடைய பிறப்புச் சான்றிதழும் அதில்தான் இருக்கின்றன. உள் அறையில் அதற்கென்று ஓர் இடம் உண்டு, அது அப்படியே இருக்கும்.

தை மாதம் சித்தி மகளுக்குக் கல்யாணம். சீர்ப் பட்டியலில் சோபா செட்டை எடுத்துவிட்டு, அந்தக் காசுக்கு நல்ல மரத்தில் ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் கொடுக்கலாம் என்று சித்தியிடம் சொன்னேன். சித்தப்பா ஊர் என்ன சொல்லுமோ என்று யோசிக்கிறார். தங்கச்சி நேராக மாப்பிள்ளைக்கே போன் போட்டுக் கூடத்தின் நீள அகலத்தைக் கேட்டு எனக்கு அனுப்பிவிட்டாள், 11 அடிக்கு 12. ஆசாரி அண்ணனிடம் காட்டினேன். மேஜையைச் சுவரோரம் போட்டு ஒரு பக்கம் மடக்குகிற பலகை வைக்கலாம் என்கிறார். காய்ந்த மரமாகக் கிடைக்க வேண்டும் என்றால் ஆவணிக்குள் பார்த்துவிட வேண்டுமாம். சித்தப்பாவிடம் அண்ணி பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.